உங்க எலியா, எங்க எலியா?

மாமனாரின் பல்செட் காணாமல் போன அன்றுதான் அந்த வீட்டில் எலி இருக்கிறது என்பதை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

அதற்கு முன்பும் எலி இருந்தது. ரொட்டிப் பொட்டலத்தின் மூலை கிழிந்து கிடந்தது. கணவனின் காலுறையில் ஒன்று மட்டும் மாயமானது. சமையல் மேடையில் சிதறிக் கிடந்த சின்னச் சின்னக் கறுப்பு மணிகளைப் பார்த்து, "சீரகமா இருக்கும்" என்றான் கணவன். "இருக்கும்" என்று சொல்லி மருமகளும் துடைத்துப் போட்டாள். எலி என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அதற்கு ஏதாவது செய்தாக வேண்டும். அவளுக்குப் பெயிண்ட் கடையில் நாள் முழுக்க நின்றபடி நிறம் கலக்கிற வேலை. அவனுக்கு லிஃப்ட் ரிப்பேர். பாதி நாள் யாராவது இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அவனைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் பல்செட்டைச் சீரகம் என்று சொல்லித் துடைத்துப் போட முடியாது. மாமனார் அதைத் தண்ணீர் டம்ளரில் போட்டு வாஷ்பேசின் ஓரமாக வைப்பார். காலையில் டம்ளர் சாய்ந்து கிடந்தது. பல்லைக் காணோம்.

"எம் பழ்ழு எங்கம்மா?" என்றார்.

மாமனார் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று அவர் மைக்கில் சொன்னால், தூங்கிக்கொண்டிருக்கும் ஆள்கூட மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான் என்பார்கள். அப்படிப்பட்ட குரல் இப்போது காற்றுப் போன பந்து மாதிரி புஸ்ஸென்று வந்தது. புதுசு செய்துகொள்ளலாம் என்று பல் டாக்டர் சொன்னதற்கு அவர் சம்மதிக்கவில்லை. தன் பல் திருடுபோயிருக்கிறதே ஒழிய விழுந்துவிடவில்லை என்பது அவர் வாதம்.

மறுநாள் எலிக்காரர் வந்தார். தோளில் பை, கழுத்தில் டார்ச். வாஷ்பேசினுக்குக் கீழே மண்டியிட்டு மோந்து பார்த்தார். சுவரில் காதை வைத்துக் கேட்டார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"பொந்து இந்தச் சுவத்துல இருக்கு. இந்தச் சுவரு யாருது?"

"எங்களுக்கும் பக்கத்து வீட்டு டீச்சருக்கும் பொது" என்றாள் மருமகள்.

"அப்ப எலி யாருது?"

அவளுக்குப் புரியவில்லை. எலிக்காரர் பொறுமையாக விளக்கினார். "நீங்க கூப்பிட்டிருக்கீங்க. உங்க எலிய நான் பிடிக்கலாம். அவங்க எலிய பிடிச்சிட்டா அது வம்பு. போன தடவை இப்படித்தான் ஒரு வீட்ல பிடிச்சேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, 'எங்க எலிய யாரக் கேட்டுப் பிடிச்ச?'ன்னு சட்டையப் பிடிச்சிட்டாரு. அவருக்கு எலி மேல ஆசையெல்லாம் இல்ல. கேக்காம பிடிச்சதுதான் தாங்கல."

"அவங்களையும் ஒரு வார்த்தை கேட்டுடலாமே" என்றாள் மருமகள்.

மாமனாரின் முகம் சுருங்கியது. டீச்சரோடு அவருக்குப் பேச்சுவார்த்தை நின்று போய் வருஷக்கணக்காகிறது. அவர் ரேடியோவைச் சத்தமாக வைப்பார். காது கேட்கும் மெஷின் மாட்டியிருக்கிற டீச்சருக்கு ஊசி விழுந்தால்கூட இடி இடித்த மாதிரி இருக்கும். உடனே மர ஸ்கேலால் சுவரில் தட்டுவார். மாமனார் கரண்டியால் திருப்பித் தட்டுவார். இருவருக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

ஆனாலும் பல்லுக்காக அவரும் கூடப் போனார். கணக்கு டீச்சர் கதவைத் திறந்தார். ஓய்வு பெற்றுத் தனியாக வாழ்கிறவர். வீட்டுக்குள்ளும் முடியைப் படிய வாரி, பள்ளிக்குக் கிளம்புகிறவர் மாதிரியே இருந்தார். காதில் மெஷின் இல்லை.

"உங்க எழி எங்க வீட்டுக்கு வருது!" என்றார் மாமனார்.

"வேலியா? நடுவுல சுவரே இருக்கு. வேலி எதுக்கு?"

"எழி! எழி!"

"வலின்னா டாக்டரப் பாருங்க. எங்கிட்ட ஏன் வர்றீங்க?"

மாமனார் மருமகளைப் பார்த்தார். ஒருவருக்குப் பேச வரவில்லை. இன்னொருவருக்குக் காது கேட்கவில்லை. இரண்டு பேரும் சளைக்காமல் கத்திக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கூடத்தில் மாட்டியிருந்த கரும்பலகை மருமகள் கண்ணில் பட்டது. சாக்பீஸை எடுத்து, 'உங்கள் வீட்டில் எலி இருகிறதா?' என்று எழுதினாள்.

டீச்சர் அதைப் படித்தார். அவள் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, விட்டுப்போன 'க்'கைச் சேர்த்தார். பிறகுதான் பதில் சொன்னார். "எங்க வீட்ல ஏது எலி? ஜன்னல்ல வெச்சிருந்த என் மெஷினத் தூக்கிட்டுப் போனது உங்க எலிதான்."

எலிக்காரர் பெருமூச்சு விட்டார். "இதுக்குத்தான் சொன்னேன்."

எலி யாருடையது என்று கண்டுபிடிக்கும் வழி மருமகளுக்குத் தோன்றியது. குழந்தைகள் விளையாடும் களிமண்ணில் சேர்க்கிற பச்சைப் பொடி அவள் கடையில் இருந்தது. வாயில் பட்டாலும் ஒன்றும் செய்யாது. அதைத் தன் வீட்டுப் பொந்தைச் சுற்றித் தூவினால் எலியின் காலில் ஒட்டிக்கொள்ளும். டீச்சர் வீட்டில் பச்சைக் காலடி தெரிந்தால், அது தங்கள் வீட்டு எலி. கரும்பலகையில் இதை எழுதியதும் டீச்சருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. ரோஸ் சாக்பீஸ்களைப் பொடி செய்து தன் பக்கத்தில் தூவிக்கொள்வதாகச் சொன்னார்.

"ஆளுங்க நடமாடினா எலி வெளிய வராது. பகல் முழுக்க ரெண்டு வீடும் காலியா இருக்கணும்" என்றார் எலிக்காரர்.

காலையில் பொடி தூவிவிட்டு மருமகளும் கணவனும் வேலைக்குப் போனார்கள். மாமனாரைப் பூங்காவுக்கு அனுப்பினார்கள். டீச்சர் நூலகத்துக்குப் போவதாகச் சொன்னார்.

சாயங்காலம் எல்லாரும் டீச்சர் வீட்டில் கூடினார்கள். எலிக்காரர் டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்துக்கொண்டு தவழ்ந்தார். ரொட்டி டப்பாவைச் சுற்றிக் குட்டிக் குட்டிப் பச்சைக் காலடிகள்.

"பாத்தீங்களா? உங்க எலி!" டீச்சர் கையைத் தட்டினார்.

எலிக்காரர் தவழ்ந்தபடியே பின்கதவுவரை போனார். அங்கே நின்றுவிட்டார். பின்கதவிலிருந்து அலமாரிக்கும், அலமாரியிலிருந்து கட்டிலுக்கும் இன்னொரு வரிசைக் காலடி போயிருந்தது. அதுவும் பச்சைதான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கு மேல் நீளம் இருந்தது. ஐந்து விரலும் பளிச்சென்று பதிந்திருந்தன.

எலிக்காரர் நெடுநேரம் அதையே பார்த்தார். "இது எலி இல்லைங்க" என்றார் அடக்கமாக. "இது எலியா இருந்தா நான் இந்தத் தொழில விட்டுடறேன்."

எல்லாருடைய கண்ணும் கீழே இறங்கி மாமனாரின் காலில் நின்றது. அவர் செருப்புக்குள் விரல்களை மடக்கிக்கொண்டார்.

"மாமா, நீங்க பூங்காவுக்குப் போகலையா?" என்றாள் மருமகள்.

"பழ்ழத் தேடித்தான் வந்தேன்" என்றார் அவர். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டீச்சர் ஆடித் தீர்த்துவிட்டார். ஆள் இல்லாத வீட்டில் புகுந்ததும் இல்லாமல், கட்டிலுக்கடியில் வேறு குனிந்து பார்த்திருக்கிறார் மனுஷன்! ஒழுக்கம் வேண்டாமா? இதையே பள்ளியில் ஒரு பையன் செய்திருந்தால் அவன் அப்பாவைக் கூப்பிட்டு விட்டிருப்பார். கணவன் கூனிக் குறுகி மன்னிப்புக் கேட்டான். கேட்டது டீச்சர் காதில் விழவில்லை. அதனால் கரும்பலகையில் எழுதியும் காட்டினான். அதில் பிழை இல்லை.

அடுத்து இவர்கள் வீடு. வாஷ்பேசினுக்கடியில் ரோஸ் நிறக் குட்டிக் காலடிகள் ஏராளம். ஆக, அந்த வீட்டு எலியும் இங்கே வந்திருக்கிறது. கணவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் எலிக்காரரின் டார்ச் மேலே ஏறி ரேடியோவில் நின்றது. அதன் மேல் ரோஸ் நிறத்தில் ஒரு முழுக் கை பதிந்திருந்தது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகைக் காணோம்.

டீச்சர் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

இருவரும் ஒரே நேரத்தில்தான் போயிருக்கிறார்கள். மாமனார் அந்தப் பக்கம் பின்கதவால் புகுந்து பல்லைத் தேடியபோது, டீச்சர் இந்தப் பக்கம் பின்கதவால் புகுந்து மெஷினைத் தேடியிருக்கிறார். மெஷின் கிடைக்காத ஆத்திரத்தில் திருகைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார். இரண்டு திருடர்களும் வழியில் சந்தித்துக்கொள்ளாதது யார் செய்த புண்ணியமோ.

எலிக்காரர் டார்ச்சை அணைத்தார். "எலிங்க ரெண்டு பக்கமும் போய் வந்துட்டுதான் இருக்கு. மனுஷங்களும் அப்படித்தான் போல. இனி யாரு எலின்னு பிரிக்க என்னால ஆகாது. சுவத்த உடைங்க."

விடுமுறை நாளன்று கொத்தனார் வந்தார். வாஷ்பேசினைக் கழற்றிவிட்டு உளியால் நாலைந்து செங்கல்லைப் பெயர்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் டீச்சரின் முகம் தெரிந்தது. நடுவில் இருந்த இடுக்கில் கணவனின் காலுறை, பஞ்சு, கிழிந்த பேப்பர். அதற்கு மேல் மாமனாரின் பல்செட், மேல்வரிசையும் கீழ்வரிசையுமாக, தொட்டிலுக்குக் கம்பி கட்டிய மாதிரி வளைந்து கிடந்தது. அதற்குள் கண் திறக்காத குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன. தாய் எலிக்கு மூக்கு ரோஸ், வால் பச்சை.

மாமனார் கையை நீட்டினார். தாய் எலி பின்வாங்கவில்லை. தன் பல்லைக் காட்டியது. அவருக்குத் திருப்பிக் காட்டப் பல் இல்லை. கையை எடுத்துக்கொண்டார்.

"பால் குடிக்கிற குட்டிங்க. சும்மா அதட்டாதீங்க" என்றார் டீச்சர் ஓட்டை வழியாக, யாரோ அதட்டியது போல.

எலிக்காரர் ஒரு அட்டையை மெல்ல உள்ளே செருகி, குடும்பத்தைக் காலுறையோடு பெட்டிக்குள் தள்ளினார். ஊருக்கு வெளியே புதர் பக்கம் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். கணவன் அந்தக் காலுறையைத் திருப்பிக் கேட்கவில்லை. டீச்சரின் மெஷினும் அடியில் கிடைத்தது. ஆனால் எலிகள் அதை மென்று சக்கையாக்கி வைத்திருந்தன. டீச்சர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பல்செட்டை மருமகள் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். வெந்நீரில் போட்டு எடுத்தாள். மனசு ஆறாமல் மறுபடி தேய்த்தாள். மாமனாரால் பொறுக்க முடியவில்லை. வாங்கி மாட்டி, தாடையை இப்படியும் அப்படியும் ஆட்டிச் சரிசெய்தார். தொண்டையைக் கனைத்தார். ஓட்டைக்கு முன்னால் குனிந்து, பஸ் நிலையமே அதிர்கிற அந்தப் பழைய குரலில் முழங்கினார்.

"டீச்சர் அவர்களின் கவனத்துக்கு! ரேடியோ திருகை உடனடியாகத் திருப்பித் தரவும்!"

கொத்தனாரின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. டீச்சர் நிமிர்ந்தார்.

"ஏன் கத்துறீங்க? எனக்கு நல்லாவே கேக்குதே" என்றவர், தான் சொன்னது என்ன என்று அப்புறம்தான் உணர்ந்தார். கையிலிருந்த மெஷினைப் பார்த்தார். "இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் இன்னொரு தடவை சொன்னார். ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. எதிரே நின்றவர் சொன்னது திருட்டுப் பட்டம்தான் என்றாலும், மெஷின் இல்லாமல் அவர் தெளிவாகக் கேட்ட குரல் அது ஒன்றுதான்.

அன்று மத்தியானமே கொத்தனார் கம்பி வலை வைத்துச் சிமெண்டால் ஓட்டையை அடைத்தார். அதன்பின் ஓரிரு நாள், தப்பிப்போன பச்சை எலி ஒன்று மாடிப்படியில் ஓடியதாகக் கணவன் சொன்னான். பிறகு அதுவும் இல்லை.

டீச்சருக்குப் புது மெஷின் வர நாளாகும் என்றார்கள். அதுவரை மாமனார் தினமும் காலையில் செய்தித்தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்கதவு வழியாகவே அங்கே போனார். தலைப்புச் செய்தியிலிருந்து வரி விளம்பரம்வரை வாசித்துக் காட்டினார். அவருக்குப் பிரேக் பிடிக்கத் தெரியாது. தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டுக்காரர் வந்து, "கொஞ்சம் மெதுவா வாசிக்கச் சொல்லக் கூடாதா?" என்று மருமகளிடம் குறைப்பட்டுக்கொண்டார். மூன்றாவது வீட்டுக்காரரோ தன் வீட்டுக்குப் பேப்பர் போட வேண்டாம் என்றே சொல்லிவிட்டார். வானிலை அறிக்கை மட்டும் கொஞ்சம் சீக்கிரமாக வந்தால், துணி உலர்த்துவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம் என்று ஒரு பெண் மாடியிலிருந்து கேட்டுக்கொண்டாள்.

மருமகள் எல்லாருக்கும் தலையாட்டி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அடுத்த வீட்டில் எங்கேயோ பெட்ரோல் விலை ஏறிக்கொண்டிருந்தது. தன் வீட்டில் ஒருவரும் இல்லை. அவள் டீயை ஊற்றிக்கொண்டு, வேலைக்குப் போகும்வரை, சும்மா உட்கார்ந்திருந்தாள்.