யார் வீட்டுச் சுவரோ

ஓடக்கூடாது, ஆஸ்பத்திரிக்குள் ஓடினால் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், நடக்கணும், வேகமாக நடக்கலாம், ஆனால் கால் சொன்ன பேச்சைக் கேட்டால்தானே... நோயாளிகளுக்குப் பண உதவி தேடித்தருகிற அந்தச் சின்ன அறையிலிருந்து வெளியே வந்தபோது கதவைச் சாத்தினானா இல்லையா என்றுகூடப் பெயின்டருக்கு நினைவில்லை. உள்ளே கண்ணாடி போட்ட அந்த அம்மா முதலில் உட்காரச் சொன்னார், அவன் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தான், இங்கே உட்காரவைத்துச் சொன்ன சேதி எதுவும் இதுவரை நல்லதாக இருந்ததில்லையே. ஆனால் அவர் சிரித்தார், "அண்ணா, உங்க வீட்டம்மா ஆபரேஷனுக்கு முழுப் பணமும் கட்டியாச்சு. வால்வு, மருந்து, தங்குற செலவு எல்லாம் சேர்த்து. திங்கட்கிழமை பண்ணிடலாம்னு டாக்டர் சொல்லிட்டார்" என்றார், யாரும்மா கட்டினது என்று பாதி சைகையில்தான் கேட்டான், "பேரு சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. இந்த ஊர்க்காரங்கதான், அது மட்டும் சொல்லலாம்." இந்த ஊர்க்காரங்க... இதே அறையில்தானே முதல் தடவை இந்த அம்மா உதவி கேட்டுப் பார்க்கலாம் என்றபோது, நாங்க அப்படிப்பட்டவங்க இல்லம்மா என்று வெடுக்கென்று எழுந்து போனான், டீக்குக்கூட அடுத்தவன் காசு கொடுத்தால் மூக்கு சிவந்துபோகிற ஆள் அவன், அப்புறம் ஒருநாள் மாடிப்படி ஏறும்போது பாதியிலேயே மனைவி மூச்சு வாங்கி உதடு நீலம்பாரித்து உட்கார்ந்துவிட்டதைப் பார்த்து ரோஷத்தை எல்லாம் மடித்து வைத்துவிட்டுத் திரும்பி வந்தான், அந்த அம்மா எதுவுமே நடக்காத மாதிரி, வாங்கண்ணா என்றார்.

யாராக இருக்கும்... லிஃப்ட் வாசலில் கையில் பழப்பையோடு நிற்கிறாரே, அவரா, பெயின்டர் அவருக்கு வழிவிட்டான், கொஞ்சம் தலையையும் குனிந்தான், அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் தானும் குனிந்தார். மருந்துக் கடை முன்னால் சில்லறை தேடுகிற அந்த வயதான பெண்மணி, பார்த்தால் ஒன்றும் இல்லாதவர் போலத்தான் இருக்கிறார், ஆனால் கொடுக்கிறவர்கள் நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டா வருகிறார்கள், அவர் பையைக் கொஞ்ச தூரம் தூக்கிக் கொடுத்தான், "நல்லா இருப்பா" என்றார் அவர், அந்தக் குரலில் ஏதாவது ஜாடை தெரிகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டான். இந்த ஊரில் அவன் கை படாத தெரு எது, எத்தனை வீட்டுச் சுவரைத் தேய்த்து, பட்டி பார்த்து, ரோலர் ஓட்டியிருக்கிறான், அப்படியென்றால் பணம் கட்டிய மனிதர் தினமும் கண்விழிப்பது அவன் அடித்த சுவரில்தானோ என்னவோ. சட்டென்று சிரிப்பு வந்தது, பிறகு திக்கென்றது, அந்த விரல்காரர்... வேலை முடிந்த சுவரில் விரலை வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்து, இங்கே மேடு, அங்கே பள்ளம் என்று கூலியில் பிடித்துக்கொண்டாரே, அவர் சுவரெல்லாம் உப்புப் பூத்து உதிரட்டும் என்று வாசலிலேயே நின்று சபித்துவிட்டு வந்தானே, ஒருவேளை அவராக இருந்துவிட்டால்... இருக்கலாம், யார் கண்டது, கறாரான ஆட்கள்தான் சில சமயம் இப்படிச் சத்தமில்லாமல் செய்வார்கள். உதிர வேண்டாம், ஒரு பொட்டுக்கூட உதிர வேண்டாம் என்று அவசர அவசரமாக மனசுக்குள் வாபஸ் வாங்கினான். இனிமேல் இந்த ஊரில் யாரையும் வாய்நிறையத் திட்ட முடியாது போலிருக்கிறதே, நல்ல வம்பில் மாட்டிவிட்டார்களே, மேஸ்திரியைத் திட்டாமல் எப்படி ஒரு நாளை ஓட்டுவது... படிக்கட்டுச் சுவரில் பெயின்ட் பொரிந்து நின்றது, ஈரத்தின் மேலேயே அடித்திருக்கிறான் எவனோ, மற்ற நாளாயிருந்தால் அந்த எவனையோ ஒரு பிடி பிடித்திருப்பான், இன்று விட்டுவிட்டான், அவன் வீட்டில் என்ன கஷ்டமோ. 

எப்படிச் சொல்வது, நேரே போய்ப் போட்டு உடைத்துவிடலாமா, அதிர்ச்சி ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே, சந்தோஷமும் அதிர்ச்சிதானே, மெதுவாக, தூர வழியாகப் போய்... ஆனால் அவளுக்கா அதிர்ச்சி, வார்டிலேயே கல்லு மாதிரி இருப்பவள் அவள்தான், "உங்க வீட்டம்மா தைரியம் யாருக்கும் வராதுங்க" என்று நர்ஸ் சொல்லும்போதெல்லாம் ஏதோ தானே செய்துவைத்த பொருள் மாதிரி அவனுக்குப் பெருமையாக இருக்கும், அக்காவிடம் சொல்வான், வேலை செய்கிற இடத்தில் சொல்வான். தையல் கம்பெனியில் பொத்தான் வைக்கிறவள், பதறாத கை. படுக்கையில் இருந்தபடியே அவனுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டாள், குக்கரில் விசில் வராவிட்டால் என்ன பார்க்கணும், மகளுக்கு நடுவகிடு எடுத்து எப்படிப் பின்னணும், இறுக்கிப் பின்னினால் அழுவாள், தளர விட்டால் பள்ளிக்கூடம் போவதற்குள் அவிழ்ந்துவிடும், சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே, "அடுத்தவ யாராவது வந்தா என் தையல் மெஷினை மட்டும் அவகிட்ட குடுத்துடாதீங்க" என்பாள், வார்டே சிரிக்கும், அவனும் சிரிப்பான், சிரிக்காமல் என்ன செய்ய.

அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தூர வழி எல்லாம் மறந்துபோனது, "பணம் கட்டியாச்சு. திங்கட்கிழமை ஆபரேஷன். நீ வீட்டுக்கு வரப்போற" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டான். பக்கத்துக் கட்டில்காரி கைதட்டினாள், நர்ஸ் எட்டிப் பார்த்துச் சிரித்தாள், அவனுக்குக் கண் நிறைந்து எல்லாம் கலங்கித் தெரிந்தது, கொஞ்சம் தெளிந்த பிறகுதான் கவனித்தான், அவள் சிரிக்கவில்லை. "நிஜமாவா சொல்றீங்க" என்றாள். "நிஜம்தான், அந்தம்மா கூப்பிட்டுச் சொன்னாங்க." அவள் போர்வையின் ஓரத்தைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். "நம்ம பொண்ணு பெரிய மனுஷி ஆகுறதைப் பார்ப்பேனா" என்றாள், "கல்யாணமே பண்ணி வைப்ப" என்றான். "என்னங்க, இங்க வந்து உக்காருங்க, எழுந்து போகாதீங்க, எனக்குப் பயமா இருக்கு."

உட்கார்ந்தான். அவள் கை நடுங்கியது, பொத்தான் வைக்கிற கை, இத்தனை மாதமாக ஊசி குத்தும்போதுகூட அசையாத கை, அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான், இதுக்குப் போய் பயப்படுவாங்களா என்று சொல்ல வாயெடுத்தவன் கட்டிலில் இன்னும் நெருங்கி உட்கார்ந்தான். சந்தோஷம் இன்னும் உள்ளே குதித்துக்கொண்டேதான் இருந்தது, அதற்கு நடுவே இது என்ன... அப்போ இவ்வளவு நாளும் அவளிடம் இருந்தது தைரியம் இல்லையா, குக்கரையும் பின்னலையும் சிரித்துச் சிரித்துச் சொல்லிக் கொடுத்தாளே, அதற்கெல்லாம் முன்னாலேயே, இனிப் பிழைக்கமாட்டோம் என்று எங்களை விட்டுவிட்டாளா, என்றைக்கு விட்டாள், எந்த நாள், அன்று நான் பக்கத்தில்தான் இருந்தேனா...