முப்பத்திநான்கு குதிரைசக்தி

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கும் அவர் தம்பிக்கும் பேசிக்கொள்ள வேறெதுவும் மிச்சமில்லாமல் போனபோது, கார் இருந்தது. இரண்டே பேர் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். ஒரே மாடல், ஒரே வருடம். இவர் இங்கே வாங்கினார். கடல் தாண்டிப் பிழைக்கப் போன தம்பி அங்கே வாங்கினான். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, தம்பியின் வண்டிக்கு முந்நூற்றாறு குதிரைசக்தி, இவருடையதற்கு இருநூற்றெழுபத்திரண்டு. என்ஜின் என்னவோ ஒன்றுதான். அதை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் எழுதியிருப்பதுதான் நாட்டுக்கு நாடு வேறு. இங்கே கிடைக்கிற பெட்ரோலுக்கும், புகைக்கும் சத்தத்துக்கும் உள்ள கட்டுப்பாடுகளுக்கும் ஏற்ப, கம்பெனியே அதன் கையைக் கட்டி அனுப்பியிருந்தது.

ஐந்து வருடமாக ஞாயிறு தவறாமல் போன் வரும்.

"என்னண்ணா, உன் மாட்டு வண்டி எப்படி ஓடுது?"

"திமிருடா உனக்கு. உன் குதிரை எப்படி இருக்கு, அதைச் சொல்லு."

மனைவி பிரிந்து போன பிறகு, கடைக்கு மேலிருந்த இரண்டு அறைகளில் அவர் வாய்விட்டுச் சிரிப்பது அந்த அரைமணி நேரம்தான். மற்ற நாளெல்லாம், "இது தெளிவா இருக்கா, முன்ன போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று வருகிறவர்களைக் கேட்டே கழிந்துவிடும்.

போன மாதம் தம்பியிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. பழைய சட்டையில் சுற்றிய, சாப்பாட்டு டப்பா அளவிலான அலுமினியப் பெட்டி. 'எங்க ஊர் கம்ப்யூட்டர். பழைய சாமான் கடையில கெடச்சுது. மாட்டிப் பாரு, அந்த முப்பத்திநாலும் வந்துடும்' என்று ஒரு சீட்டு. அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாளே கடையைப் பூட்டிவிட்டு மெக்கானிக்கிடம் போனார்.

மெக்கானிக் பெட்டியை மேசையில் வைத்து, ஒயர்களைச் செருகி, லேப்டாப்பைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"அப்படியே மாட்டினா ஸ்டார்ட்டே ஆகாது சார். உங்க சாவியை இதுக்கு அறிமுகப்படுத்தணும். அப்புறம் நம்ம பெட்ரோலுக்கு என்ஜின் டக்டக்குனு தட்ட ஆரம்பிச்சு வீணாப் போயிடும்."

"கொஞ்ச நாள் ஓட்டிப் பாக்கறேனே."

"உங்க இஷ்டம். ஆனா இது அடிபட்ட வண்டியிலேர்ந்து கழட்டினது. மோதின உடனே பெட்ரோலை நிறுத்தினதா பதிஞ்சிருக்கு பாருங்க. வண்டியோட சேஸிஸ் நம்பர்கூட இருக்கு."

கண்ணாடிக்காரர் குனிந்து பார்த்தார். வண்டி வாங்கின புதிதில் அண்ணனும் தம்பியும் அந்த எண்களைப் படம் பிடித்து அனுப்பி, யாருடையது முன்னால் பிறந்தது என்று சண்டை போட்டிருந்தார்கள். போனில் தம்பி அனுப்பிய பழைய படத்தைத் தேடி எடுத்து, ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தார். பிறகு இன்னொரு முறை.

அங்கேயே நின்றபடி தம்பியைக் கூப்பிட்டார்.

"உன் வண்டி எங்கடா?"



"எட்டு மாசம் ஆச்சுண்ணா. ஒரு லாரிக்காரன் சிக்னல்ல நிக்காம வந்துட்டான்."

"உனக்கு?"

"இடது கால்ல ரெண்டு ஆபரேஷன். இப்ப நடக்கறேன். கிளட்ச்தான் மிதிக்க முடியாது."

"அதுக்கப்புறமும் மழையில டயர் வழுக்குதுன்னு சொன்னியேடா..."

"ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டுச் சொன்னது."

"கூட யார் இருந்தா?"

"யாரும் இல்ல. பக்கத்து வீட்டுக்காரர் மாத்துத்துணி கொண்டுவந்து குடுத்தார்."

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லணும்னுதான் ஒவ்வொரு வாரமும் நெனப்பேன். நீ வண்டி எப்படின்னு கேப்ப. வண்டி இல்லன்னு சொல்லிட்டா, அடுத்த வாரம் நாம என்னண்ணா பேசறது?"

"நான் கிளம்பி வரேன்."

"இப்ப எதுக்கு? எல்லாம் முடிஞ்சுபோச்சு." தம்பி கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "என்ன சார், மாட்டிடலாமா?"

"வேண்டாம்" என்றார். பெட்டியை மறுபடி சட்டையில் சுற்றும்போதுதான், அது தம்பி போட்டிருந்த சட்டையாக இருக்கும் என்று தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரே கூப்பிட்டார். வலி எப்படி என்று கேட்டார், பரவாயில்லை என்றான். சாப்பிட்டாயா என்றார், ஆச்சு என்றான். கடை எப்படி என்று அவன் கேட்டான், ஓடுது என்றார். நாலு நிமிடத்தில் இருவரிடமும் சரக்கு தீர்ந்துவிட்டது. ஆனால் யாரும் போனை வைக்கவில்லை. தம்பி ஒரு காலை அழுத்தி வைத்து, மற்றதை இழுத்து, அறைக்குள் எங்கேயோ நடந்து போவது கேட்டது. எதையோ எடுத்தான். திரும்பி வந்தான்.

"வெச்சிடட்டுமாண்ணா?"

"இரு" என்றார். அடுத்து என்ன கேட்பதென்றுதான் அவருக்குத் தெரியவில்லை.