பெட்டிக்கு வந்த காய்ச்சல்

சின்னவளுக்கு எதையும் ஒழுங்காகச் செய்துதான் பழக்கம். செய்து முடித்ததும் அதைச் சந்தேகப்படுவதும் பழக்கம். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பாள். இழுத்ததில் பூட்டு கெட்டிருக்குமோ என்று மறுபடியும் இழுப்பாள். அப்படிப்பட்டவள், அண்ணனின் கணினியை வேகப்படுத்தித் தருகிறேன் என்று எந்தத் தைரியத்தில் வாயைக் கொடுத்தாளோ, அது அவளுக்கே வெளிச்சம்.

பெரியவன் வீட்டிலிருந்தே கட்டடக்காரர் ஒருவருக்குப் படம் செய்து கொடுப்பவன். கட்டப்போகும் வீடு கட்டி முடித்தால் எப்படியிருக்கும் என்று சோபா, திரைச்சீலை, ஜன்னல் வெயில் சகிதம் கணினியில் காட்ட வேண்டும். ஒரு படத்தை முடிக்க அவனுடைய பெட்டிக்கு ஒரு முழுப் பகல் போதாது. நடுவில் அணைந்தாலோ மறுபடியும் முதலிலிருந்து. இந்த ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் புதுப் படம் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகக் கட்டடக்காரர் சொல்லிவிட்டார்.

"மாலை வகுப்புல ஓவர்க்ளாக் சொல்லிக்கொடுத்தாங்கண்ணா. கம்பெனி வச்ச வேகத்தை விடக் கொஞ்சம் கூட்டி பிராசஸரை ஓட வைக்கலாம்."

"வெடிச்சிடுமா?"

"வெடிக்காது. சூடு ரொம்ப ஏறினா தானா அணைஞ்சிடும்."

"படத்துக்கு நடுவுல அணைஞ்சா வெடிக்கப்போறது நான்தான். ஒரே ஒரு தடவை அணைஞ்சாலும் இந்தப் பெட்டி இருக்கிற திசையில நீ தலை வச்சுக்கூடப் படுக்கக் கூடாது. சம்மதமா, இன்ஜினியரம்மா?"

சின்னவளுக்கு வகுப்பில் தொட்டுப் பார்க்கக் கிடைப்பது உடைந்த கணினிகள்தான். உயிரோடு ஓடுவது உலகத்திலேயே இது ஒன்றுதான். சம்மதித்தாள்.

வகுப்பில் சொன்னபடியே தொடங்கினாள். அண்ணனின் கோப்புகளையெல்லாம் முதலில் வேறு வட்டில் நகலெடுத்தாள். விசிறியைக் கழற்றித் தூசி துடைத்து, பிராசஸரின் சூட்டைக் கடத்தும் பசையைப் புதிதாகப் பூசி மாட்டினாள். வேக எண்ணை நாற்பதிலிருந்து நாற்பத்தொன்றுக்கு மட்டும் ஏற்றி, பெட்டிக்கு மூச்சு முட்ட வேலை கொடுத்துச் சூட்டைப் பார்த்தாள். எண்பத்தைந்து டிகிரிக்குள் நின்றால்தான் அடுத்த படி. வோல்டேஜில் புதியவர்கள் கை வைக்கவே கூடாது. அவள் அந்தப் பக்கமே போகவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது கெடுத்தது என்று தெரியாமல் விழிக்க வேண்டியதுதான்.

நாற்பத்திரண்டில் காலையில் எழுபத்துநான்கு டிகிரி. சின்னவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. மாலை வகுப்பு முடிந்து வந்து அதே வேகத்தில் மறுபடி பார்த்தாள். எண்பத்தொன்பது.

"என்ன, காய்ச்சலா?" என்றான் பெரியவன்.

பிராசஸருக்கும் விசிறிக்கும் நடுவே பூசிய பசையை அதிகமாக அப்பிவிட்டோமோ? சூடாக இருக்கும்போது பெட்டியைத் திறக்கக் கூடாது என்பதால் பொறுத்திருந்து, விடிந்தபின் கழற்றிப் பட்டாணி அளவு புதுப்பசை வைத்தாள். எழுபத்துநான்கு. மாலையில் எண்பத்தொன்பது. அடுத்த நாள் மிளகு அளவு வைத்தாள். காலையில் எழுபத்துநான்கு, மாலையில் எண்பத்தொன்பது. தன் கைதான் சரியில்லை என்று முடிவுக்கு வந்தாள்.

அவளைப் பாராட்டிய ஒரே ஜீவன் அப்பா. பேருந்து ஓட்டுபவர், விடியலில் போய் மதியம் திரும்பி, பொழுது சாயும்போதே படுத்துவிடுவார். "உன் படிப்பு வீண்போகலைம்மா. முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேவலை," என்றார். அப்பாவுக்குக் கணினியை எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது என்றுகூடத் தெரியாது. ஆனாலும் அவருக்கு ஒரு டம்ளர் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

காலையில் பிழையே இல்லை என்பதால் ஞாயிறு காலை நாற்பத்திரண்டிலேயே படத்தைத் தொடங்கினார்கள். எழுபத்துநான்கு. மதியம் வரை அசையவில்லை. சாப்பிட்டு வந்து பார்த்தால் எண்பது. பிறகு எண்பத்தாறு. தொண்ணூற்றொன்று.

"நூறு வந்தா அணைஞ்சிடும்," என்றாள், அழாக்குறையாக.

"பாதிப் படம் முடிஞ்சிருக்குடீ! என் பொழைப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே!"

விசிறி இரைகிறது என்று பெட்டியை மேசைக்குப் பின்னால், ஜன்னலோரச் சந்தில் ஒரு முக்காலி மேல் தள்ளி வைத்திருந்தான் பெரியவன். சின்னவள் மேசையடியில் நுழைந்து சந்துக்குள் தலையை நீட்டினாள். பெட்டியின் மேல்பக்கக் காற்றுக் கண்கள் ஒன்றுகூடத் தெரியாதபடி, முழங்கால் நீளக் கம்பளிக் காலுறை இரண்டு கால் நீட்டிப் படுத்திருந்தன. நல்ல ஈரம். ஆவி வேறு பறந்தது.

"அப்பா!"

"காஞ்சிடுச்சா?" என்று அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது.

விஷயம் அவ்வளவுதான். பஸ் கம்பெனி கொடுத்த சீருடைக் காலுறை ஒரே ஜோடி. வெளியே விடாத மழை. அந்த வாரம் முழுக்க அது ஒன்று அப்பாவின் காலில் இருந்தது, இல்லையென்றால் பெட்டியின் தலையில் இருந்தது. இன்று விடுமுறையாதலால், நேற்றுப் போட்டதை மதியமே துவைத்துவிட்டார்.

"நல்லாப் பிழிஞ்சுட்டுத்தானே போட்டேன்!" என்றார் அப்பா. "முன்னெல்லாம் ராத்திரி பூரா ஆகும். நீ என்னமோ முடுக்கிவிட்டதுக்கப்புறம் சீக்கிரமே காஞ்சிடுது. இன்னும் கொஞ்சம் கூட்ட முடியுமான்னு கேட்கலாம்னு இருந்தேன்."

சின்னவள் காலுறை இரண்டையும் பெட்டியின் மேலிருந்து உருவினாள். திரையில் தொண்ணூற்றொன்று எண்பத்துமூன்றாகி, எழுபத்துநான்கில் வந்து நின்றது.

சின்னவளுக்கு ஒரு வாரமாக இல்லாத நிம்மதி. அப்பாவுக்குத்தான் முகம் வாடிவிட்டது. "விடிகாலையில டூட்டி. சொதசொதன்னு சாக்ஸைப் போட்டுக்கிட்டு பிரேக்கை மிதிக்கச் சொல்றியா?"

அவள் யோசித்தாள். பிறகு முழ நீள அளவுகோல் ஒன்றை எடுத்து, அதன் நுனியில் ஒரு காலுறையை மாட்டி, பெட்டிக்குப் பின்னால் காற்று வெளியே வரும் இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தபடி சந்துக்குள் உட்கார்ந்தாள்.

"ரெண்டையும் சேத்தே மாட்டலாம்ல," என்றான் பெரியவன்.

"ஒரு நேரத்துல ஒண்ணுதான்."

ஐந்தரை மணிக்குப் படம் முடிந்தது. சோபாவும் ஜன்னல் வெயிலும் அசல் வீடு மாதிரியே விழுந்திருந்தன. பெரியவன் அதைக் கட்டடக்காரருக்கு அனுப்பிவிட்டு மேசையடியில் குனிந்தான். "வேகம் இப்படியே இருக்கட்டும். அடுத்த படத்துக்கும் நீதான் பக்கத்துல இருக்கணும்," என்று அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு, பெட்டியை அணைக்கப் போனான்.

"டேய், அணைக்காதேடா!" என்று பதறினார் அப்பா. "இன்னும் ஒரு கால் ஈரமா இருக்கு. வேற படம் இருந்தா போடு."