குரல் நிற்கும்வரை

அரசலாற்றுத் துறையில் சரக்குப் படகுப் பெட்டிகளைக் கப்பி மரத்தில் கட்டித் தூக்குவோம். கயிறு இழுப்பவர்கள் சரக்குக் கிட்டங்கிச் சுவருக்குப் பின்னால் நிற்பார்கள். படகு அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. படகின் விளிம்பில் நின்று கருப்பையன் குரல் கொடுப்பார். குரல் கேட்டுக்கொண்டிருக்கும்வரை கயிற்றை விடக் கூடாது. குரல் நின்றால் பெட்டி தரையில் இறங்கிவிட்டது என்று பொருள்.

பிரெஞ்சுக்காரர்கள் போன மறு வருஷம், ஒரு பெட்டி அந்தரத்தில் சாய்ந்ததைப் பார்த்து அவருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. குரல் நின்றது. கயிற்றை விட்டார்கள். படகுக்குள் நின்று பெட்டிகளுக்குக் கொக்கி மாட்டும் காத்தமுத்துவுக்கு வலது கால் போயிற்று.

கருப்பையன் மறுபடி வேலைக்கு வந்த அன்று, படகுக்காரர் சேக் அலாவுதீன் குமாஸ்தாவான என்னிடம் சொன்னார்: "அவரால முடியுமான்னு பாருங்க தம்பி. முடியலேன்னா வேற ஆளப் போட்டுடுவோம்."

கருப்பையனுக்கு வேறு வேலை தெரியாது.

முதல் பெட்டி ஒழுங்காக ஏறி, கரையில் இறங்கியது. குரல் நிற்கவில்லை.

"என்ன மாமா, பெட்டி உக்காந்து வெத்தலை போடுது, இன்னும் பாடுறீங்க?" சுவருக்குப் பின்னால் சிரித்தார்கள். கயிற்றை மட்டும் விடவில்லை.

அலாவுதீன் என்னைப் பார்த்தார். நான் கருப்பையன் அருகில் போனேன்.

"இறங்கிடுச்சுண்ணே. நிறுத்துங்க."

"காத்தமுத்து கீழ நிக்கிறான் தம்பி." மூச்சு விடும் இடைவெளியில் சொல்லிவிட்டு மறுபடி குரல் எடுத்தார்.

"அவர் ஆஸ்பத்திரியில இருக்காருண்ணே."

"அது ஒத்தக் காலோட. இவன் ரெண்டு காலோட நிக்கிறான்."

நான் படகுக்குள் இறங்கி, அவர் பார்த்த இடத்தில் நின்றேன். யாரும் இல்லை என்று கையை விரித்துக் காட்டினேன்.

"தள்ளி நில்லுங்க தம்பி, அவன் கால மிதிக்கிறீங்க."

தள்ளி நின்றேன். பிறகு அந்த வெற்றிடத்தைப் பார்த்து, "காத்தமுத்து, மேல ஏறிப் போங்க" என்றேன். என் மனைவி அல்லி இறந்த பிறகு, வீட்டில் அவளிடம் இப்படிச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

கருப்பையனின் பார்வை மெதுவாக நகர்ந்தது. பலகை வழியாக மேலே ஏறி, கரையில் சற்றுத் தூரம் போயிற்று. குரல் நின்றது. கயிறு தளர்ந்து விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை.

"முடியுதுல்ல?" என்றார் அலாவுதீன், யாரிடமென்று இல்லாமல்.

"முடியுதுங்க" என்றேன் கீழிருந்து.

அடுத்த பெட்டியில் கொக்கியை நானே மாட்டினேன். கருப்பையன் என்னைப் பார்த்தபடி குரல் எடுத்தார். எனக்குப் பின்னாலும் பார்த்தார்.