மஞ்சள் பட்டைக்குள் முள்

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் அத்தனை பேருக்கும் எங்கிருந்தோ ஒரே வாக்கியம்தான் கிடைத்திருந்தது. "நல்லவேளை, அன்னைக்கு நீ கூடப் போகல. போயிருந்தா நீயும் போயிருப்ப." புருஷனின் அண்ணன் சொன்னார், நாத்தனார் சொன்னாள், எதிர்வீட்டு நர்ஸம்மா சொன்னாள். தைக்கக் கொடுத்த திரைச்சீலையை வாங்க வந்த ஒருத்திகூட, வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனாள். அட, புருஷனைப் பறிகொடுத்தவளிடம் வந்து, நீ தப்பித்துக்கொண்டாய் என்று சந்தோஷப்படச் சொன்னால் அவள் என்னதான் செய்வாள்? தலையை ஆட்டினாள். குடிக்க ஏதாவது கொடுத்து அனுப்பினாள்.

ஆனால் அந்த வாக்கியம் அவளுக்குத் தொண்டையைத் தாண்டி இறங்கவே இல்லை. கூடப் போயிருந்தால் இரண்டு பேரும் செத்திருப்போமா, இல்லை, இரண்டு பேரும் வீடு வந்து சேர்ந்திருப்போமா? இது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். கேட்டால் யாரும் வாய் திறக்கப் போவதில்லை. ஆகவே ஐம்பத்து நாலு வயதில், திரைச்சீலைக் கடையை வாரம் ஒரு நாள் சாத்திவிட்டு, புருஷன் கடைசியாக விமானம் எடுத்த அதே விமானப் பயிற்சிச் சங்கத்துக்குப் போய், எனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று நின்றாள். சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். துக்கத்தில் மூளை குழம்பிவிட்டது என்று புருஷனின் அண்ணன் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். காலம் முழுக்க மனிதர்களை மேலே ஏற்றி இறக்கும் பெட்டிகளுக்கு எண்ணெய் போட்டவருக்கு, நடுவயதில் பறக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. லைசென்ஸ் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சங்கத்தின் குட்டி விமானம் ஒன்றை எடுத்துக்கொண்டு குன்றுப்பக்கம் ஒரு சுற்று சுற்றி வருவார். பக்கத்து இருக்கையில் இவள் உட்கார்ந்திருப்பாள். பயந்தாங்கொள்ளிதான், ஆனால் அவரைத் தனியாக விடவும் மனசு வராது. விமானம் லேசாகக் குலுங்கினால் போதும், "மெதுவா போங்க" என்பாள். அவர் உடனே என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பவர் பிடியைப் பின்னால் இழுப்பார். வெளியே பார்த்த பார்வையை எடுக்க மாட்டார், கை மட்டும் போய் இழுக்கும். சங்கத்தில் அவளுக்குப் பிரேக்கம்மா என்றே பெயர் விழுந்துவிட்டது.

"லிஃப்ட்டுல வேகம் கூடிச்சுன்னா அடியில இருக்கற பிடிப்பான் தானா கவ்விப் பெட்டியை நிறுத்திடும்" என்பார் அவர். "இதுல அந்த மாதிரி ஒண்ணும் கிடையாது. அதான் உன்னைக் கூட்டிட்டு வரேன்."

ஒரு சனிக்கிழமை சாப்பாட்டு மேஜையில் அவர் அவளைப்போலவே முகத்தைச் சுருக்கி, "மெதுவா போங்க, மெதுவா போங்க" என்று நடித்துக் காட்டினார். மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"அம்மா, ஒரு வாரமாவது அப்பாவை நிம்மதியா பறக்க விடேன். நாளைக்கு என்கூட வா, செருப்பு வாங்கணும்."

"ஆமா, ஒரு நாள் பிரேக் இல்லாம ஓட்டித்தான் பாக்கறேனே" என்றார் அவர்.

அவளுக்குச் சுருக்கென்றது. "தாராளமா போங்க. என் வாயால உங்களுக்கு எவ்வளவு தொந்தரவு" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மறுநாள் காலை அவர் கிளம்பும்போதும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தாள். அவர் செத்ததைவிட, அன்றைக்கு வாசல்வரை போகாததுதான் அவளை ரொம்ப நாள் அறுத்தது.

அம்மாவும் மகளும் செருப்புக் கடையில் இருக்கும்போது செய்தி வந்தது. விசாரித்தவர்கள் பிறகு சொன்னது கொஞ்சம்தான். திரும்பி வரும் வழியில், குன்றைத் தாண்டி இறங்கும்போது, காற்று கலங்கலாக இருந்திருக்கிறது. வேகம் கூடுதலாக இருந்திருக்கிறது. இறக்கை தாங்கவில்லை. வாங்கிய செருப்பு இன்னும் பெட்டியோடு கிடக்கிறது. மகள் அழுது ஓய்ந்தபோதெல்லாம் ஒன்றையே சொன்னாள். "நான்தானேம்மா உன்னைப் போகாம நிறுத்தினேன். அதனால நீயாவது மிஞ்சின." அதைச் சொன்ன பிறகுதான் அந்தப் பிள்ளைக்குத் தூக்கம் வரும்.

பயிற்சியாளர் மகளைவிட ஓரிரண்டு வயது மூத்த பெண். குள்ளம். முன்கண்ணாடிக்கு வெளியே தெரிய வேண்டும் என்று ஒரு தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே திரிவாள். சங்கத்தில் எல்லோரும் தலையணை என்றுதான் கூப்பிடுவார்கள், அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள். வந்தவள் யார் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் உச்சுக் கொட்டவில்லை. "ஆன்ட்டி, இடது பக்கம் உக்காருங்க. இனிமே அதுதான் உங்க இடம்" என்று மட்டும் சொன்னாள்.

இடது பக்கம் அவர் உட்கார்ந்த இடம். இருக்கையைத் தன் கால் எட்டும்வரை முன்னால் நகர்த்தினாள். விபத்தில் போனது வேறு விமானம்தான். ஆனால் எல்லாம் ஒரே அச்சு, அதே வெடித்த தோல், அதே எண்ணெய் வாசனை.

முதலில் நேராகப் பறக்கவே வாரக்கணக்கில் ஆயிற்று. மூக்கைத் தொடுவானத்துக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தி வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சும்மா இருப்பதுதான் அவளுக்கு வரவில்லை. "ஆன்ட்டி, ஸ்டியரிங் கழுத்தை நெரிக்காதீங்க, அது ஓடிப் போகாது" என்பாள் தலையணை. பிறகு ஏறுவது, இறங்குவது, சாய்ந்து திரும்புவது. திரும்பும்போது மூக்கு தொங்கும், லேசாகப் பின்னுக்கு இழுத்துக் கொடுக்க வேண்டும், இழுத்தால் வேகம் குறையும். ஒன்றைத் தொட்டால் மூன்று அசையும். தையல் இயந்திரத்தில் இத்தனை வருஷம் கையும் காலும் தனித்தனியாக வேலை செய்து பழகியவள் என்பதால், மெல்ல மெல்லப் பிடிபட்டது.

வேகத்தைக் குறைத்துக்கொண்டே போய் இறக்கை தூக்கிப் பிடிக்காமல் கைவிடும் இடத்தையும் காட்டினாள் தலையணை. மூக்கை உயர்த்தி உயர்த்தி, எச்சரிக்கை ஒலிப்பான் பிள்ளை அழுவதுபோலச் சிணுங்க, விமானம் ஒரு நடுக்கம் நடுங்கித் தொப்பென்று விழுந்தது. மூக்கைக் கீழே தள்ளியதும் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி பறந்தது.

"மெதுவா போனாத்தான் விழுமா, அப்ப?" என்று கேட்டாள் அவள். மெதுவா போங்க, மெதுவா போங்க என்று வருஷக்கணக்காகச் சொன்னவள் ஆயிற்றே.

"ரொம்ப மெதுவா போனா விழும். ரொம்ப வேகமா போனா உடையும். நடுவுலதான் நம்ம பொழப்பு." தலையணை வேகமானியின் மேல் விரலை வைத்தாள். "பச்சைப் பட்டை, சாதாரணமா பறக்கறது. சிவப்புக் கோடு, எந்தக் காரணத்துக்கும் தாண்டக் கூடாது. நடுவுல இந்த மஞ்சள் இருக்கே, காத்து துளிகூட அசையாம இருந்தா மட்டும்தான் இதுக்குள்ள முள் வரலாம்."

"காத்து அசைஞ்சா?"

"உடனே குறைக்கணும். பச்சையோட நின்னாக்கூடப் போதாது. இதோ, பக்கத்துல ஒரு எண் ஒட்டியிருக்கோம் பாருங்க, அதுக்குக் கீழ வந்துடணும். அதுக்குக் கீழ இருந்தா, பெரிய அடி விழுந்தா இறக்கை காத்தை விட்டுடும், கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். வேகமா இருந்தா விடாது. முழு அடியையும் தாங்கப் பாக்கும். தாங்க முடியாம உடையும்."

அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரே கேலி செய்த அவளுடைய பயம், சங்கத்துக்காரர்கள் முதல் மகள்வரை எல்லோரும் சிரித்த அந்த இரண்டு வார்த்தை, விமானத்தின் முகப்பிலேயே எண்ணாக ஒட்டியிருந்தது. அவருக்கும் அது தெரிந்திருக்கும். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிய மனிதர், தெரியாமல் எப்படி இருக்கும்? அப்படியானால் ஏன் குறைக்கவில்லை? அதற்குப் பதில் பல வாரம் கிடைக்கவில்லை.

கிடைத்தது ஒரு மதியம். குன்றுப்பக்கம் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இறங்கு என்றாள் தலையணை. அவள் மூக்கைத் தாழ்த்தினாள். ஓடுதளம் தூரத்தில் சின்ன நாடாவாகத் தெரிந்தது. அதன் மேலேயே கண்ணை வைத்திருந்தாள். மூக்குத் தாழ்ந்தால் வேகம் தானாகவே ஏறும் என்று அவளுக்குப் பாடம் நடத்தியாயிற்று, அவளும் ஒப்பித்தாயிற்று. அந்த நேரம் பார்த்து அடியிலிருந்து ஒரு குலுக்கல் வந்தது. இன்னொன்று, இன்னும் பலமாக.

"மெதுவா போங்க" என்றாள் அவள்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அதுதான் கொடுமை. வழக்கம்போல இடது பக்கத்திலிருந்து ஒரு கை போய்ப் பிடியை இழுக்கும் என்று காத்திருந்தாள். அந்த இடது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது தான்தான், அந்தக் கை தன் கைதான் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. முள் மஞ்சள் பட்டைக்குள் நுழைந்து நின்றது. தலையணையின் கைதான் குறுக்கே வந்து பிடியை இழுத்தது. இரைச்சல் அடங்கியது. முள் மெல்லப் பின்வாங்கியது. குலுக்கல் நிற்கவில்லை, ஆனால் பல் போன நாய்போல ஆகிவிட்டது.

தரையில் இறங்கி, என்ஜினை அணைத்த பிறகும் அவள் பெல்ட்டைக் கழற்றவில்லை.

"வாய் சரியா சொல்லிடுச்சு, ஆன்ட்டி. கைதான் போகல" என்றாள் தலையணை.

"அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா?"

தலையணை தன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு முன்கண்ணாடியைப் பார்த்தாள்.

"எனக்கு ஆறுதல் வேண்டாம்மா. அது வீட்ல மூட்டை மூட்டையா கிடக்கு. உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு."

"ஒரு தடவை அவரோட பறந்தேன். ஓட்டறவங்களை வருஷத்துக்கு ஒரு முறை சோதிச்சுப் பாக்கணும், அதுக்காக." தலையணை தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நல்ல கை. திருப்பம், இறக்கம் எல்லாம் வழுக்கிட்டு போகும். குலுக்கல் வந்தப்ப மட்டும் கை பிடிக்குப் போகல. முள்ளையும் பாக்கல. நான் சொன்னதும் டக்குனு இழுத்தார். என்ன சார் இதுன்னேன். சிரிச்சார். அதெல்லாம் வீட்டுக்காரி டிபார்ட்மென்ட்னு சொன்னார். நான் திட்டினேன், ஆன்ட்டி. அடுத்த முறை சரியா செஞ்சும் காட்டினார். ஆனா பழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல."

"அப்ப நான் கூட இருந்திருந்தா..."

"நீங்க சொல்லியிருப்பீங்க" என்றாள் தலையணை. "அவர் இழுத்திருப்பார்."

தேடி வந்தது கைக்குக் கிடைத்துவிட்டது. விமானம் ஓட்டுவதில் பாதி வேலையை அவர் இவள் வாயிடம் விட்டிருந்தார், அந்த வாயை அன்றைக்கு வீட்டில் நிறுத்திவிட்டுப் போனார். கூடப் போயிருந்தால் இரண்டு பேரும் பிழைத்திருப்பார்கள். சாயங்காலம் வந்து, அவள் எப்படிக் கத்தினாள் என்று மேஜையில் நடித்துக் காட்டியிருப்பார். அவள் ஸ்டியரிங்கின் மேல் தலையைச் சாய்த்து, இத்தனை மாதமாக அழாத அழுகையெல்லாம் அழுதாள். தலையணை தன் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, எழுந்து போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

வெளியே மகள் காரோடு நின்றிருந்தாள். வாராவாரம் கூட்டிப் போக வருபவள், விமானங்கள் நிற்கும் பக்கம் மட்டும் திரும்பவே மாட்டாள்.

"கண்ணெல்லாம் சிவந்திருக்கு. என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. இனிமே வர வேண்டாம். முடிஞ்சுது."

கார் சங்கத்தின் வாசலைத் தாண்டியது. மகள் சாலையைப் பார்த்தபடியே கேட்டாள். "தெரிஞ்சுக்கணும்னு போனியே, தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"நீ அன்னைக்குப் போயிருந்தா..." மகளின் குரல் பாதியில் நின்றது. விரல்கள் வெளுக்கும் அளவுக்கு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள். இந்தப் பிள்ளையும் இரவெல்லாம் இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறது என்பது அம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு சிரிப்பு, ஒரு செருப்பு, ஒரு விளையாட்டுப் பேச்சு. தனக்குத் தெரிந்ததை இவள் தலையில் இறக்கி வைத்தால் எழுந்திருக்கவே மாட்டாள்.

"நானும் போயிருப்பேன், கண்ணு" என்றாள் அம்மா. "நல்லவேளை, நீ நிறுத்தின."

யார் யார் வாயிலிருந்தோ கேட்டு வெறுத்த அந்த வாக்கியத்தைக் கடைசியில் தானே சொல்ல வேண்டியதாயிற்று. மகள் பெருமூச்சு விட்டாள். அழுதாள், புறங்கையால் துடைத்துக்கொண்டாள், மறுபடி அழுதாள். பாரம் இறங்கியவளின் கால் ஆக்ஸிலரேட்டரில் அழுந்தியது. பெயர்ந்து கிடந்த சாலையில் கார் தூக்கித் தூக்கிப் போட்டது.

"மெதுவா போ" என்றாள் அம்மா.

உடனே வேகம் தணிந்தது. மகள் மீட்டரைப் பார்க்கவில்லை. பார்வை சாலையிலேயே இருந்தது, கால் மட்டும் தானாக மேலே வந்தது. அப்பனை உரித்து வைத்திருந்தது.

"மீட்டர் முள்ளைப் பாத்து ஓட்டு" என்றாள் அம்மா. "என் வாயை நம்பி ஓட்டாத."

"இந்த வாய் மட்டும் மாறவே மாட்டேங்குதும்மா" என்று மகள் அழுகையோடு சிரித்தாள்.

"பாருன்னா பாரு" என்றாள் அம்மா. மகள் குனிந்து பார்க்கும்வரை அவள் விடவில்லை.