இடது கன்னத்துப் பாயிண்ட்

தோல் மருத்துவம் படித்து முடித்துத் திருச்செங்கோட்டில் நான் கிளினிக் திறந்தபோது, அப்பா தன்னிடமிருந்த இரண்டு போர்வெல் ரிக்கு வண்டிகளில் ஒன்றை விற்று எனக்கு ஒரு இயந்திரம் வாங்கிக் கொடுத்தார். கத்தி வைக்காமல் முகத்தோலை இறுக்குகிற இயந்திரம். ஒலி அலையைத் தோலுக்கு அடியில் சின்னச் சின்னப் புள்ளிகளாகக் குவித்துச் சூடாக்கும். சூடுபட்ட இடம் ஆற ஆறச் சுருங்கி, இரண்டு மூன்று மாதத்தில் தொங்கின சதை கொஞ்சம் மேலே ஏறும். இதை அப்பாவுக்குப் புரியவைக்க நான் படமெல்லாம் வரைந்து வைத்திருந்தேன். அவர் படத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒன்றரை, மூன்று, நாலரை மில்லிமீட்டர் என்று ஆழம் போட்டிருந்த கார்ட்ரிட்ஜ்களைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார்.

"அட, இது நம்ம ரிக்கு கண்ணு! அதுக்கு அடிக்கணக்கு, இதுக்கு மில்லிக்கணக்கு. அக்கட்ட பாறை, இக்கட்ட எலும்பு. அவ்வளவுதான் வித்தியாசம்."

கிளினிக்கையும் ரிக்கு வண்டி மாதிரியே நடத்துவாரோ என்று அப்போதே பயந்தேன். பயந்தபடியேதான் ஆனது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகே இயந்திரத்தைப் படியேற்றினார். மறுநாளிலிருந்து வெள்ளை வேட்டியோடு வரவேற்பறையில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடம் "எத்தனை ஆழம் ஓட்டறதுங்க?" என்று விசாரிக்க ஆரம்பித்தார். கூச்சப்பட்டுக்கொண்டு வந்த ராசிபுரத்து ஜவுளிக்கடைக்காரர் மனைவியிடம், "மேல்மண்ணு நெம்ப லூசா இருக்குதுங்க, மண்ணு சரியாம கேசிங் பைப்பு எறக்கோணும்" என்றார். அந்த அம்மாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் ஒரு வாரம் அப்பாவோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

பிழைப்பு இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அமுதவல்லி அத்தை வந்தார்.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. புதுச்சத்திரத்தில் கட்டிக் கொடுத்தது. அப்பாவின் கல்யாணத்தில் இணைச்சீர் செய்தவர். அதாவது தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளைக்குச் சமமாக உட்கார வைத்து, எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்தவளுக்குச் செய்கிற மரியாதை. அப்படிப்பட்ட தங்கை ஆறு வருடமாக அண்ணனோடு பேசுவதில்லை. காரணம் ஒரு போர்க்குழி. அத்தை தோட்டத்துக் கிணறு வற்றினபோது அப்பாவே வண்டியைக் கொண்டுபோனார். நீரோட்டம் பார்க்கிறவர் யாரும் வேண்டாமென்று பாயிண்ட் என்கிற துளை போடும் இடத்தைத் தானே குறித்து, தொள்ளாயிரம் அடி ஓட்டினார். கடைசிவரை ஈரமே தட்டாமல் பாறைத்தூள் புகைதான் வந்தது. தண்ணீர் வராவிட்டாலும் ஓட்டினதுக்குக் கூலி உண்டு என்பது எங்கள் ஊர் ரிக்குத் தொழிலில் சட்டம் மாதிரி. அத்தை அதையும் முகம் சுளிக்காமல் கொடுத்துவிட்டார். "பாயிண்ட் தப்பாப் போச்சு அம்மிணி" என்று அண்ணன் ஒரு வார்த்தை சொல்வார் என்று மட்டும் காத்திருந்தார். அப்பா சொன்னது இதுதான்: "பாயிண்ட் சரிதான். உன்ற பூமிலதான் தண்ணி இல்ல."

அன்றோடு போக்குவரத்து நின்றது. அப்பா வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் பொங்கலுக்குப் பொங்கல் தங்கைக்கென்று எடுத்த சேலைகள், பிரிக்காத பைகளோடு எங்கள் பீரோவில் அடுக்கிக் கிடக்கின்றன. அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அழுகையும் வரும், இந்த மனிதர் வாய்க்குள் என்னதான் வைத்திருக்கிறார் என்று கோபமும் வரும்.

அத்தை தனியாக வரவில்லை. கூடவே இனியன் என்பவர், நார் உரித்த தேங்காய் ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். எம்.சி.ஏ. முடித்துவிட்டு நீரோட்டம் பார்க்கிறவர். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து நடப்பார்; தண்ணீர் இருக்கிற இடம் வந்தால் தேங்காய் எழுந்து நிற்குமாம். நாமக்கல் வரைக்கும் அவருக்கு நல்ல பேர்.

அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். "வா அம்மிணி."

அத்தை அவருக்கு எதிரிலேயே நின்றுகொண்டு என்னிடம் பேசினார்.

"உங்கப்பங்கிட்டச் சொல்லு சாமி. போரு பெயிலான அன்னைக்கு உளுந்த மொகம் இது. ஆறு வருசமா எந்திரிக்கவே இல்ல. அவரு ரிக்கு கெடுத்ததை அவரு மிசினே சரி பண்ணிக் குடுக்கோணும்."

"அத்தை, வயசானா எல்லாருக்கும் கன்னம் எறங்கும்" என்றேன்.

"எனக்கெங்க சாமி வயசாச்சு? போருதான் பெயிலாச்சு."

இதற்கு எந்த மருத்துவப் புத்தகத்திலும் பதில் கிடையாது. அத்தை சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு பஞ்சாயத்தையும் அவரே முடித்தார். "மொகம் எந்திரிச்சுதுன்னா தை மாசம் உன்ற நிச்சயதார்த்தத்துக்கு ஊட்டுக்கு வாரேன். எந்திரிக்கலைன்னா, உங்கப்பன் என்ற தோட்டத்துக்கு வந்து அந்தக் குழி மேல நின்னு, பாயிண்ட் தப்புன்னு சொல்லோணும். அதுவரைக்கும் நான் அவரு ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

தையில் நாள் குறித்திருந்த நிச்சயதார்த்தத்தை அத்தை இல்லாமல் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. என் காது குத்துக்கு என்னை மடியில் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர்தான். அதனால் இந்தக் கூத்துக்கு நான் ஒப்புக்கொண்டேன்.

"பாயிண்ட் நான் பாக்கறேன்" என்று அப்பா கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"அவரு பாத்தது போதும்னு சொல்லு சாமி. இனியன் தம்பி பாப்பாரு."

"இந்தத் தம்பிக்கு மொகத்துல என்ன அனுபவம்?"

"உங்களுக்கு இருக்குதுங்களா?" என்று இனியன் பணிவாகக் கேட்டார்.

அத்தை கட்டிலில் மல்லாந்து படுத்தார். இனியன் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளங்கைத் தேங்காயை அத்தையின் நெற்றிக்கு மேல் கொண்டுபோனார். தேங்காய் படுத்தே கிடந்தது. மூக்கைத் தாண்டி வலது கன்னத்துக்கு வந்தது. அசையவில்லை. இடது கன்னத்தில் தாடைக்குச் சற்று மேலே வந்ததும் விருட்டென்று எழுந்து நின்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"இங்கதானுங்க ஓட்டம். மூணு மில்லில ஈரம் தட்டும். நாலரைல நல்லா இருக்கும்."

"அங்க பாறை தம்பி!" என்று அப்பா கத்தினார்.

"அப்பா, அது தாடை எலும்பு."

"அதைத்தான் நானும் சொல்றேன். வலது பக்கம் ஓட்டு. மண்வாகு அங்கதான் நல்லா இருக்குது."

எல்லோரும் வெளியே போங்கள் என்று நானும் கத்தினேன். ஒருவரும் போகவில்லை. வெள்ளைப் பென்சிலால் இடது கன்னத்தில் கட்டம் போட்டு, ஜெல் தடவி, வேலையை ஆரம்பித்தேன். ஒவ்வொரு வரிசை முடியும்போதும் அப்பா கட்டில் ஓரமாகக் குனிந்து, "ஈரம் தட்டுதான்னு கேளு கண்ணு" என்றார். அத்தை கூரையைப் பார்த்தபடியே "புகை" என்றார்.

நாலரை மில்லிமீட்டரில் எலும்பு ஓரமாகப் போகும்போது நன்றாகவே வலிக்கும். மரப்பு மருந்து தடவியும் பெரிய பெரிய ஆட்கள் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். அத்தை இமைகூட அடிக்கவில்லை.

"அழுகை வந்தா அழுதுருங்க அத்தை. எல்லாருமே அழுவாங்க."

"ஆறு வருசமா வரலையே சாமி. இப்ப மட்டும் எங்கிருந்து வரும்?"

இடது பக்கம் முடிந்து வலது பக்கம் திரும்பச் சொன்னபோது, அத்தை எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஒரு தோட்டத்தில் ஒரு பாயிண்ட்தான் ஓட்டுவார்களாம். முகம் கோணலாகத் தெரியும், ஒரு பக்கத்தோடு விடவே கூடாது என்று கெஞ்சினேன். "அந்தப் பக்கம் வறட்சிங்க டாக்டர்" என்றார் இனியன். "அதெப்படி வறட்சி? அது நான் சொன்ன பாயிண்ட்டு!" என்று அப்பா எகிறினார். அதைக் கேட்ட பிறகு அத்தையை யாராலும் படுக்க வைக்க முடியவில்லை. பாதி முகத்தோடு பஸ் ஏறிப் போய்விட்டார்.

மார்கழி பிறக்கும்போது இடது கன்னம் எழுந்தது. லேசாகத்தான் எழும் என்று நான் சொல்லியிருந்தேன். ஆனால் அத்தையிடம் என் இயந்திரத்தைவிடப் பிடிவாதம் அதிகம். கன்னம் ஏறி, உதட்டோரம் ஏறி, இடது பக்கம் எப்போதும் யாரையோ வரவேற்கிற மாதிரி ஆகிவிட்டது. வலது பக்கம் பழையபடியே தொங்கியது. ஒரு பக்கம் கல்யாண வீடு, ஒரு பக்கம் இழவு வீடு என்று புதுச்சத்திரத்து உறவுக்காரர்கள் போனில் சொன்னார்கள்.

அத்தை அதை வீணாக்கவில்லை. பிடித்தவர்களுக்கு இடது கன்னத்தைக் காட்டினார், பிடிக்காதவர்களுக்கு வலதை. ஊரே அதைப் பார்த்துத் தன் நிலவரத்தைத் தெரிந்துகொண்டது. பாலில் தண்ணீர் கலந்த பால்காரர், நாலைந்து நாள் வலது கன்னத்தையே பார்த்து நொந்துபோய், மனைவியை அனுப்பி மன்னிப்புக் கேட்டாராம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று பார்த்துத்தான் அத்தை ஜன்னல் ஓரமா, உள்பக்கமா என்று முடிவு செய்தாராம். எங்கள் வீட்டுக்கு வீடியோ கால் போட்டால் எனக்கு இடது கன்னம் தெரியும். பின்னால் அப்பாவின் வேட்டி தெரிந்தால் போதும், சட்டென்று வலது கன்னம் வந்துவிடும்.

நிச்சயதார்த்தம் நெருங்கியது. போன் பஞ்சாயத்து ஆரம்பமானது.

"பாதிதான எந்திரிச்சுது? உங்கப்பனை வந்து சொல்லச் சொல்லு."

"பாதி எந்திரிச்சுதுல்ல? உங்கத்தையை வரச் சொல்லு."

நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு ஒருநாள் பொறுமை போய்விட்டது. "அந்தப் பாயிண்ட் தப்புதானே அப்பா? ஒரே ஒரு வார்த்தை. தொள்ளாயிரம் அடி பாறையைத் துளைச்ச உங்களுக்கு, வாயைத் திறக்க முடியலையா?" என்று கத்தி, பீரோவைத் திறந்து, சேலைப் பைகளை எல்லாம் அவர் முன்னால் கொட்டினேன். அப்பா ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் அடுக்கினார்.

மறுநாள் காலையில் வாசலில் ரிக்கு வண்டி நின்றது. என் இயந்திரம் அதன்மேல், பைப்புகளுக்கு நடுவே, கம்பளி போர்த்திக் கயிறு கட்டி நின்றது. பக்கத்தில் ஜெனரேட்டர். முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம்.

"ஏறு கண்ணு. வலது பக்கத்தையும் ஓட்டிட்டா முழுசா எந்திரிச்சுரும். அப்புறம் யாரும் யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல."

மன்னிப்புக் கேட்பதைவிட ரிக்கு வண்டியில் முகத்தோல் இயந்திரத்தை ஏற்றிப்போவது இந்த மனிதருக்குச் சுலபமாக இருந்தது. இயந்திரம் உடைந்தால் என் கிளினிக்கே போச்சு என்று வழிநெடுகத் திட்டிக்கொண்டே போனேன்.

ஊருக்குள் ரிக்கு வண்டி நுழைந்தால் கூட்டம் சேரும். எவர் தோட்டத்தில் தண்ணீர் வரப்போகிறது என்று தெரிந்துகொள்ளாமல் ஒருவரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். "எங்கீங்க ஓட்டறீங்க?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தார்கள். "எங்க தங்கச்சி கன்னத்துலீங்க" என்றார் அப்பா. யாரும் சிரிக்கவில்லை. எத்தனை அடி என்று கேட்டார்கள்.

அத்தை தோட்டத்தில்தான் நின்றிருந்தார், அந்தப் பழைய குழிக்குப் பக்கத்தில். குழியை இரும்பு மூடி போட்டு மூடி, மேலே ஒரு கல்லை வைத்திருந்தார். அப்பாவைக் கண்டதும் வலது கன்னத்தைத் திருப்பினார்.

"யாரைக் கேட்டு வண்டி வந்துச்சுன்னு கேளு சாமி."

அதற்குள் வேலி ஓரமாக, தேங்காயும் கையுமாக, இனியன் ஓடிவந்தார். "அந்தப் பக்கம் வறட்சிங்கம்மா, ஓட்ட உட்றாதீங்க!" அவரை அதட்ட அத்தை சட்டென்று திரும்பினார். அப்போதுதான் அப்பா அந்த முகத்தின் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பார்த்தார்.

எழுந்த கன்னத்தைப் பார்த்த பிறகுதான் விழுந்த கன்னம் எவ்வளவு தூரம் விழுந்திருக்கிறது என்று தெரிந்தது. எனக்கே மனசு பதறியது. இத்தனை காலம் அதை வயசு என்று நினைத்துக்கொண்டிருந்தேனே என்று வெட்கமாக இருந்தது. அப்பா ஜெனரேட்டர் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். பிறகு கயிற்றை விட்டுவிட்டு நடந்துபோய், மூடியின் மேலிருந்த கல்லை நகர்த்தி, அந்த மூடிமேல் ஏறி நின்றார்.

"அம்மிணி. பாயிண்ட் தப்பு. உன்ற பூமி நல்ல பூமி. நாந்தான் எடம் தெரியாம ஓட்டிட்டேன்."

ஊர் முழுக்கக் கேட்டது. அப்பாவுக்குச் சத்தமில்லாமல் பேசத் தெரியாது. கம்ப்ரசருக்குப் பக்கத்தில் நின்றே பழகின தொண்டை அது.

அத்தை திரும்பினார். இடதும் இல்லாமல் வலதும் இல்லாமல், முழு முகத்தையும் அண்ணனுக்கு நேராகக் கொண்டுவந்தார். ஆறு வருடத்தில் முதல் தடவையாக என்னை நடுவில் வைக்காமல் பேசினார்.

"அண்ணா, இந்தப் பக்கத்துக்கு நீங்களே பாயிண்ட் பாருங்க."

இனியன் ஒரு கணம் தயங்கிவிட்டுத் தேங்காயை நீட்டினார். அப்பா அதை வாங்கவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, தங்கையின் வலது கன்னத்தில் விரலை வைத்தார். அந்த விரல் நனைந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்துக் கேட்டார். "ஏனுங்க, ஈரம் தட்டுதுங்களா?"

அப்பா விரலை எடுக்காமலே சொன்னார். "தண்ணியே வந்துருச்சுங்க."