சிவப்புப் பொட்டு வைத்த மூன்று படங்கள்

சண்முகப்ரியா வருஷக்கணக்காகப் படம் வரைகிறாள். கண்காட்சி என்று வைப்பது இதுதான் முதல் தடவை. நெய்வேலியில், அவர்கள் பிளாக் கம்யூனிட்டி ஹாலில், நண்பன் சைமன்ராஜோடு சுவரைப் பாதிப் பாதி பங்கு போட்டுக்கொண்டு மாட்டியிருந்தாள். அன்று மத்தியானத்துக்கு மேல் சென்னையிலிருந்து ஒரு கேலரிக்காரம்மா வருகிறார். அவருக்குப் பிடித்தால் தை மாதம் அங்கே தனிக் கண்காட்சி. பிடிக்காவிட்டால் பண்ருட்டிப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலை. வீட்டில் அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தாள்.

சைமன் சென்னையில் ஏற்கெனவே கண்காட்சி வைத்தவன். வாயைத் திறந்தால் அந்தப் பேச்சுத்தான். படங்களைத் தயார் செய்யும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"கேலரியில நீலந்தான் போவுது ப்ரியா. எனக்கும் மொதல்ல ஒண்ணும் விக்கல. நீலத்துக்கு மாறுனேன், ஆளுங்க கேட்டுகினு வந்தாங்க. நீயும் ரெண்டு மூணு போட்டு வையேன்."

"உன்னை மாதிரியேவா?"

"யாரு கண்டுபிடிக்கப் போறாங்க?"

போட்டாள். நீலக் குளம், நீலக் கோபுரம், நீலப் பெண். வரையும்போதே கூசத்தான் செய்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது, பாவம். மற்றதெல்லாம் அவளே பார்த்துப் பார்த்து வரைந்தவை: ஷிப்ட் பஸ்ஸில் தூங்கி வழியும் முகங்கள், கரித்தூள் படிந்த துணிக்கொடி, சுரங்க கேட்டுக்கு வெளியே டிபன் பாக்ஸ் திறக்கும் கான்ட்ராக்ட் பெண்கள். கண்காட்சியன்று காலையிலேயே நீலம் மூன்றும் விற்றுப்போயின. சைமன் குஷியாக ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிவப்புப் பொட்டு ஒட்டினான். விற்றுவிட்டது என்பதற்குக் கேலரிகளில் அதுதான் அடையாளம்.

இருவரும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது சுவரில் மூன்று இடம் காலி.

காவலுக்கு உட்கார்ந்திருந்தவர் ப்ரியாவின் அப்பா சிங்காரவேல், தெர்மல் மின்நிலையத்தில் மெயின்டனன்ஸ் பார்த்து ரிட்டயர் ஆனவர்.

"நான்தாம்மா கழட்டி ஸ்டேஜுக்குப் பின்னாடி வச்சேன். சிவப்பு போட்டிருந்துச்சே! பிளாண்ட்ல சிவப்புச் சீட்டு தொங்குனா கோளாறு, தொடக்கூடாதுன்னு அர்த்தம். வர்றவங்க கண்ணுல அது எதுக்குப் படணும்?"

சைமன் தலையில் அடித்துக்கொண்டான். திருப்பி மாட்டுவதற்குள் வாசலில் கார் வந்து நின்றுவிட்டது.

கேலரிக்காரம்மா ஷிப்ட் பஸ் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"யாரையும் காப்பியடிக்காத கை," என்றார். "உங்க படம் இவ்வளவுதானா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லேன் என்று சைமன் கண்ணாலேயே கெஞ்சினான். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, ப்ரியா மேடைக்குப் பின்னால் போய் மூன்றையும் தூக்கிவந்தாள்.

"இதுவும் என்னுதுதாங்க. இது மட்டுந்தான் வித்துச்சு. விக்கணும்னே இவர் படத்தைப் பாத்துப் போட்டது."

அந்தம்மா மூன்றையும் பார்த்தார், சைமனின் சுவரையும் பார்த்தார்.

"நீங்க சொல்லாம விட்டு, சென்னையில யாராவது கண்டுபிடிச்சிருந்தா என் பேரும் சேந்து கெட்டுப் போயிருக்கும்," என்றார். "வாங்குனவங்ககிட்டயும் இதைச் சொல்லிடுங்க. மத்ததெல்லாம் தைக்கு எனக்கு வேணும்."

கார் கிளம்பியதும் ப்ரியா அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அவர்கள் பேசியது எதுவும் காதில் விழவில்லை. மகளின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"விடும்மா. பண்ருட்டிக்கு பஸ்ஸுக்கா பஞ்சம்? நான் தெனம் ஸ்டாண்டுல கொண்டாந்து விடறேன்."

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பண்ருட்டிக்குப் போகலப்பா," என்றாள்.